‘ரகசிய லாக்கர்’ என்று சொல்லி 18,500 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள், உஷார்!

பாளையங்கோட்டையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று எடுத்த படமெல்லாம் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட ஒரு கம்ப்யூட்டர் பெட்டியில், 2 டிபி டிஸ்கில் இருந்தது. அதற்குப் பாதுகாப்பு போட்டுத் தருகிறோம் என்று கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை ஒன்று 18,500 ரூபாய் வாங்கியது. இப்போது ஒரு படம்கூடத் திறக்கவில்லை. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸ் அத்தனையையும் பூட்டிவிட்டது.

கடையிலிருந்து வந்தவர் லேப்டாப்பைக் கவுண்டரில் வைத்துக் கறுப்புத் திரையைத் திறந்தார். மொத்தம், செலவானது, மிச்சம் என்று மூன்று எண். “கூட்டிப் பாருங்க அண்ணாச்சி. செலவும் மிச்சமும் சேர்ந்தா மொத்தத்துக்குக் குறையுதுல்லா? அந்த 100 ஜிபிதான் லாக்கர். உங்க படத்துக்கு நகல் உள்ள போயிக்கிட்டே இருக்கும். எந்த வைரஸும் அதைத் தொட முடியாது.” கால்குலேட்டரில் கூட்டினேன். நிஜமாகவே குறைந்தது. கண்ணெதிரே கணக்கைக் காட்டுகிறவரை யார்தான் நம்பமாட்டார்கள்? நின்ற இடத்திலேயே போனில் பணத்தை அனுப்பினேன்.

படங்கள் போன பிறகு, சர்வர் வேலை பார்க்கும் என் அக்கா மகன் பெட்டியைப் பார்த்தான். “மாமா, இதை எவனும் போட்டுத் தரலை. லினக்ஸ் டிஸ்க்ல ஃபைலை அடுக்கி வைக்கிற எக்ஸ்ட்4 முறையில டிஸ்கை ஃபார்மட் பண்ணும்போதே 5 சதவீதம் தானா ஒதுங்கிரும்” என்றான். 2 டிபியில் 5 சதவீதம், அதே 100 ஜிபி! சாதாரண புரோகிராம்கள் டிஸ்கை நிரப்பிவிட்டாலும் ரூட் எனப்படும் நிர்வாகியின் வேலைகள் நின்றுபோகாமல் ஓடவும், ஃபைல்கள் துண்டு துண்டாகச் சிதறாமல் இருக்கவும்தான் அந்த ஒதுக்கீடு. டியூன்2எஃப்எஸ் என்று ஒரு கட்டளை இருக்கிறதாம், அதில் சுழியாகக்கூட ஆக்கிவிடலாம். அது தனி அறையும் கிடையாது, அதற்குள் எந்த நகலும் போவதில்லை. பஸ்ஸில் கண்டக்டருக்கு ஒரு சீட் ஒதுக்கியிருந்தால் பிக்பாக்கெட்காரன் ஏறாமல் இருப்பானா? ஸ்டூடியோவில் இருக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு, படங்கள் இருந்த ஃபோல்டரில் எழுத அனுமதி உண்டு. வைரஸ் அந்த வழியாகவே வந்து, இருந்த ஃபைல்கள் மேலேயே எழுதிவிட்டது.

கடைக்குப் போன் போட்டால், “பேங்க்ல நிக்கேன் அண்ணாச்சி.” அப்புறம், “ஊர்ல கொடை, முடிஞ்சதும் வாறேன்.” நேரில் போய் நின்றபோது சொன்னதுதான் வயிற்றெரிச்சல்: “லாக்கர் பத்திரமாத்தான இருக்கு? வைரஸ் உங்க கம்ப்யூட்டர்ல வந்ததுக்கு நாங்க என்ன செய்ய?” பத்திரமாகத்தான் இருக்கும், உள்ளே ஒன்றுமே இல்லையே! ஒன்றுமே இல்லாததற்கு 18,500 ரூபாய். மார்ச் மாதம் நான் எடுத்துக் கொடுத்த ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பா இப்போது உயிரோடு இல்லை. அந்த வீட்டாருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

ஒதுக்கிய இடத்தைக் காட்டிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். நகலை வேறு டிஸ்கில் எடுங்கள், எடுத்ததும் வயரைக் கழற்றி வையுங்கள். ஒரு ஃபைலை அழித்துவிட்டு, “இப்ப மீட்டுக் காட்டுங்க” என்று கேட்ட பிறகே பணம் கொடுங்கள். பில் இல்லாமல் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இதே கடையாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, கூப்பிடுங்கள். நானும் பில்லை எடுத்துக்கொண்டு மனு எழுத உட்கார்ந்துவிட்டேன்.