“எஸ்எஸ்டி போச்சு” என்றால் உடனே நம்பாதீர்கள்

லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். எஸ்எஸ்டி என்பது விண்டோஸும் நம் ஃபைல்களும் இருக்கும் சேமிப்பு டிஸ்க்.

ஒரு அப்டேட்டுக்குப் பிறகு என் லேப்டாப்பில் விண்டோஸ் ஏறவில்லை. கடையில் கொடுத்தேன். மறுநாளே போன்: “எஸ்எஸ்டி போச்சு சார். பென்டிரைவ் போட்டு விண்டோஸ் ஏத்தப் பார்த்தோம், டிஸ்க்கே காட்டல. டேட்டாவும் வராது.” புது எஸ்எஸ்டி போட்டு, கூலியும் சேர்த்து பில் கொடுத்தார்கள். பழையதைக் கேட்டால், “அதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?” என்று இழுத்தடித்தார்கள். விடாமல் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அதை ஒரு யுஎஸ்பி கேஸில் மாட்டி வேறொரு கம்ப்யூட்டரில் சொருகினேன். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அதன் ரெகவரி கீயைக் கேட்டது. கொடுத்ததும் போட்டோ, ஆவணம் எல்லாமே திறந்தன. ‘செத்துப்போன’ எஸ்எஸ்டி!

விஷயம் இதுதான். இன்டெல் 11ஆம் தலைமுறை ப்ராசஸர் முதல் பல லேப்டாப்களில் விஎம்டி என்ற வசதி பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்ஸ்) ஆன் செய்யப்பட்டே வருகிறது. அப்போது எஸ்எஸ்டி நேராக விண்டோஸின் கண்ணில் படாது. ப்ராசஸருக்குள் இருக்கும் விஎம்டி நடுவில் நிற்கும். அதோடு விண்டோஸ் பேச உதவும் டிரைவர் என்ற சிறு மென்பொருள் இன்ஸ்டால் பென்டிரைவில் இல்லையென்றால், இன்ஸ்டால் திரையின் டிஸ்க் பட்டியலில் நல்ல எஸ்எஸ்டியும் வராது. அதே திரையில் ‘லோட் டிரைவர்’ என்ற பட்டன் இருக்கிறது. லேப்டாப் கம்பெனி தரும் இன்டெல் ஐஆர்எஸ்டி என்ற அந்த டிரைவரை அங்கே காட்டினால் போதும், டிஸ்க் வந்துவிடும்.

கடையில் இது தெரியாமல் நடந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. திரும்பி வந்த லேப்டாப்பின் பயாஸைத் திறந்து பார்த்தேன். முன்பு ஆனில் இருந்த விஎம்டி ஆஃப் ஆகியிருந்தது. புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஏற்ற அதை ஆஃப் செய்யத் தெரிந்தவர்களுக்கு, பழையதை வைத்து ஒருமுறை பார்க்க மட்டும் மனம் வரவில்லை.

யாராவது உங்களிடம் இப்படிச் சொன்னால், பயாஸில் எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா என்று கண் முன்னே காட்டச் சொல்லுங்கள். பெயர் தெரிந்தால் டிரைவர் மேல்தான் முதல் சந்தேகம். விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் உள்ள பென்டிரைவில் பூட் செய்தும் பார்க்கலாம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் விஎம்டி டிரைவர் ஏற்கெனவே உண்டு என்பதால், நல்ல எஸ்எஸ்டி அங்கே தெரிய வாய்ப்பு அதிகம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் விஎம்டியைச் சும்மா ஆஃப் செய்து பார்க்காதீர்கள், இருக்கிற விண்டோஸ் பூட் ஆகாமல் நின்றுவிடலாம். அப்புறம், கழற்றிய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பில்லோடு போய்க் கேட்டேன். “சாஃப்ட்வேர் பிரச்சனைக்கு நாங்க பொறுப்பில்லை” என்கிறார்கள். முதலில் ஹார்டுவேர் போச்சு என்றதும் அவர்கள்தான். எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.