'முடியாது' என்று சொல்லத் தெரிந்த உதவி நிறுவனம் எது?

வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றைச் சீர்திருத்தப் போகிறோம் என்றாலே வழவழப்பான அட்டையோடு ஒரு ஐந்தாண்டுத் திட்ட அறிக்கை வந்துவிடும். நான் அதைப் புரட்டுவதில்லை. வரும் கோரிக்கையைப் பார்த்து "இது எங்கள் வேலை இல்லை" என்று சொல்ல அங்கே யாருக்காவது அதிகாரம் உண்டா என்றுதான் பார்ப்பேன்.

அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட்டுக்கு அது இருந்ததில்லை. 1961இல் பிறந்த நிறுவனம். 1989இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று எண்ணிப் பார்த்தபோது, அதை நடத்திய சட்டத்தில் 33 குறிக்கோள்கள் இருந்தன. 33 இருந்தால் ஒன்றுமே இல்லை என்றுதான் அர்த்தம். போதாததற்கு, பணத்தில் கணிசமான பகுதிக்கு 'இன்ன நாட்டுக்கு, இன்ன துறைக்கு' என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே முத்திரை குத்தி அனுப்பியது. ஆனால் பஞ்சமோ தொற்றுநோயோ வந்தால் களத்தில் இறங்க அதனிடம் ஆள் இருந்தது.

2004இல் அதே வாஷிங்டனில் அமெரிக்க அரசு தொடங்கிய இன்னொரு உதவி நிறுவனமான மிலேனியம் சேலஞ்ச் கார்ப்பரேஷன் நேர் எதிர். உதவி உண்டா இல்லையா என்று பார்க்க ஒரு நாட்டுக்கு ஒரே ஒரு மதிப்பெண் தாள். அதில் 20 கட்டங்கள், தேறினால் பச்சை, இல்லையேல் சிவப்பு. பாதியாவது பச்சையாக வேண்டும். ஊழல் கட்டம் சிவப்பானால் மற்றவை எப்படி இருந்தாலும் கதவு திறப்பது அரிது. ஒப்பந்தம் ஐந்தே ஆண்டு. முதல் ஒப்பந்தம் போட்ட மடகாஸ்கரில் 2009இல் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்ததும் பாதியில் முடித்துக்கொண்டார்கள். இலங்கைக்கு 2019இல் ஒதுக்கிய 48 கோடி டாலரும் அப்படித்தான். கொழும்பில் அரசியல் எதிர்ப்பு கிளம்பி, ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் இழுத்துக்கொண்டே போக, 2020 டிசம்பரில் கைவிட்டார்கள். கறாரான நிர்வாகம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் நாளைக்கே வெள்ளம் வந்தால் இந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

என் ஓட்டு பிரிட்டனின் சர்வதேச வளர்ச்சித் துறையான டிஎஃப்ஐடிக்கு. அதன் கதை மலேசியாவின் பெர்காவ் அணையில் தொடங்குகிறது. ஆயுத விற்பனையோடு முடிச்சுப் போட்ட அந்த அணைக்கு 23.4 கோடி பவுண்டு உதவி. பொருளாதார ரீதியாகத் தேறாது என்று பிரிட்டனின் அன்றைய உதவித் துறையின் தலைமை அதிகாரியே எழுத்தில் ஆட்சேபித்தார். ஆனால் துறை வெளியுறவு அமைச்சருக்குக் கீழ் இருந்தது. 1991இல் அமைச்சர் ஒப்புதல் தந்துவிட்டார். 1994இல் லண்டன் உயர் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. 1997இல் டிஎஃப்ஐடி பிறந்தது: தனித் துறை, தனி அமைச்சர். 2002 சட்டத்தின்படி உதவி வறுமையைக் குறைக்கத்தான். 33 எங்கே, ஒன்று எங்கே! அந்த அதிகாரிக்கு இல்லாமல் போன ஆயுதம் இதுதான்.

2020 செப்டம்பரில் டிஎஃப்ஐடியைத் திரும்பவும் வெளியுறவுத் துறைக்குள் கரைத்துவிட்டார்கள். யுஎஸ்எய்ட்டின் மிச்சசொச்சமும் 2025 ஜூலையில் அமெரிக்க வெளியுறவுத் துறைக்குள் போய்விட்டது. பிரிட்டனின் 2002 சட்டம் இன்னும் இருக்கிறது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியுறவு அமைச்சரோடு மல்லுக்கு நிற்கத்தான் தனித் துறை இல்லை.