வெள்ளிக்கு எந்த பலூன்?

தண்டையார்பேட்டையில் எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு வெள்ளிக் கோளில் மிதக்கும் பலூனின் மாதிரி செய்வதென்று முடிவானது. எந்த வகை பலூன் என்பதில்தான் இழுபறி. கடைசியில் நான் சொன்ன, வாயு வெளியேறாதபடி அடைத்த மிகையழுத்த பலூனையே செய்தோம்.

தரையிறங்கும் கலம் பேச்சிலேயே அடிபடவில்லை. வெள்ளியின் தரையில் சுமார் 460 டிகிரி. 1982-ல் அங்கே இறங்கிய சோவியத் கலம் வெனேரா 13 தாங்கியது 127 நிமிடம். 54 கிலோமீட்டர் உயரத்திலோ ஏறக்குறைய 30 டிகிரிதான். கந்தக அமில மேகத்தை மறந்துவிட்டால், எண்ணூர் மே மாதத்தைவிட இதம்.

ஐதராபாத்தில் டாடா அடிப்படை ஆய்வுக் கழகம் பறக்கவிடும் ஜீரோ பிரஷர் பலூனுக்கு அடிப்பக்கம் திறந்திருக்கும். வெயிலில் வாயு விரிந்தால் மிச்சம் வெளியேறிவிடும். இரவில் சுருங்கிக் கீழே இறங்கும். உயரம் குறையாமலிருக்கப் பாரத்தைக் கொட்ட வேண்டும். சில மணி நேர ஆய்வுக்கு அருமை. நாள்கணக்கில் மிதக்க எவ்வளவு பாரத்தைத்தான் தூக்கிப்போவது?

என்னைப் பொறுத்தவரை இதுதான் தீர்மானிக்கிற விஷயம். மிகையழுத்த பலூன் மூடியது, அதன் உறை நீளாது. சூடேறினால் உள்ளே அழுத்தம் கூடும், பருமன் மாறாது. அதனால் உயரமும் பெரிதாக மாறாது. ஈவினிங் பஜாரில் வாங்கிய வெள்ளிநிற ஃபாயில் பலூனைக் காலையில் மொட்டை மாடியில் கட்டினோம். ஓரங்களில் சுருக்கம் இருந்தது. மதியத்துக்குள் சுருக்கம் போய் விறைத்துவிட்டது, ஆனால் அளவு ஏறக்குறைய அதேதான். இரவுக் குளிரிலும் சுருக்கம் விழாத அளவுக்கு வாயு அடைப்பதுதான் இதில் சூட்சுமம்.

1985 ஜூனில் சோவியத்தின் வேகா 1, 2 கலங்கள் வெள்ளியில் இறக்கிய இரண்டு பலூன்களும் இந்த வகைதான். சுமார் மூன்றரை மீட்டர் விட்டம், உள்ளே ஹீலியம். இரவுப் பக்கத்தில் மிதக்கத் தொடங்கி, பகல் பக்கம்வரை ஒவ்வொன்றும் 11,000 கிலோமீட்டருக்கு மேல் போயின. பூமியிலிருந்த ரேடியோ தொலைநோக்கிகள் அவற்றின் நகர்வைத் தொடர்ந்து காற்றின் வேகத்தைக் கணக்கிட்டன. ஏறக்குறைய 46 மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்ததால் சிக்னல் நின்றது. வேகா 2-இன் பலூனைக் கீழ்நோக்கிய காற்று கிலோமீட்டர் கணக்கில் அமுக்கியதும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, ஏறி இறங்கும் பலூன்? உள்ளே ஒரு விறைப்பான பலூன், வெளியே ஒரு தளர்வான பலூன். ஹீலியத்தை இரண்டுக்கும் நடுவே மாற்றி உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். 2022-ல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் சிறிய மாதிரியைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். மேகத்தை அடுக்கடுக்காக ஆராய இதுவே சரி என்று மாணவர்கள் வாதிட்டார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் அதன் பம்பும் வால்வும் அமிலத் துளிகளுக்கு நடுவே எத்தனை நாள் ஓடும் என்பதை எங்கள் மொட்டை மாடியில் சோதித்துப் பார்க்க வழியில்லை.