கிளம்பும் காலையில் சொல்வதா, காலண்டரில் வட்டம் போடுவதா?

பிள்ளைகளுக்குத் தெரியாமல் சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்து, விடியற்காலையில் எழுப்பி "கிளம்புங்க, ஊருக்குப் போறோம்" என்று சொல்லும் ஆசை எனக்கும் இருந்தது. எங்கள் வீட்டில் பெண்ணுக்கு இப்போது 14 வயது, பையனுக்கு 8. மூன்று பயணங்களில் மூன்று விதமாகச் செய்து பார்த்துவிட்டோம். ஒன்றை ஒன்றோடு வைத்துப் பார்த்ததில் எனக்குத் தெளிவானதை எழுதுகிறேன்.

முதலில், கடைசி நிமிடம் வரை வாயே திறக்காத ஏற்காடு பயணம். காலை நான்கு மணிக்கு எழுப்பினோம். சின்னவன் கட்டிலில் எழுந்து குதித்தான். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன், அதை இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பெரியவள் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத் தோழியோடு ஷட்டில் விளையாட வருவதாகச் சொல்லி வைத்திருந்தாளாம். அவளுக்குப் பிடித்த சட்டையை விட்டுவிட்டு நான் வேறு எதையோ எடுத்து வைத்திருந்தேன். சேலத்தில் இருவரும் வயிறு நிறைய இட்லியும் பொங்கலும் சாப்பிட்டார்கள். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலையில் சின்னவனுக்கு வாந்தி. மலை ஏறப்போகிறோம் என்று முன்னாடியே தெரிந்திருந்தால் கொஞ்சமாகச் சாப்பிடச் சொல்லியிருக்கலாம், மாத்திரையும் கொடுத்திருக்கலாம். ரகசியத்தைக் காப்பாற்றுவதிலேயே கவனமாக இருந்ததில் இதெல்லாம் விட்டுப்போனது.

வயதுக்கு வந்த பெண் பிள்ளை இருக்கும் வீட்டில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பயணத் தேதி அவளுடைய உடம்புக்குத் தோதான தேதியா என்று அவளைக் கேட்காமல் முடிவு செய்வது நியாயமில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே பத்து, பதினோரு வயதுக்கு மேல் முழு ரகசியம் வேண்டாம் என்பேன். ஐந்து வயதுக்குள் என்றால் தாராளமாகச் செய்யலாம். அந்த வயதில் 'அடுத்த வாரம்' என்பதே பிள்ளைக்குப் புரியாத தூரம்.

சரி, ரகசியம் நிற்கிறதா என்றால் அதுவும் சந்தேகம்தான். டிக்கெட் போட்டதும் வரும் குறுஞ்செய்தியைப் பிள்ளைகள்தான் முதலில் படிக்கிறார்கள். அதற்குத் தப்பினாலும், "ஸ்வெட்டர் எடுத்து வச்சாச்சா?" என்று பாட்டி போனில் கேட்டுவிடுவார்.

இரண்டாவது, ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டுப் போன ராமேஸ்வரம். காலண்டரில் பையனே வட்டம் போட்டான். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டிருந்ததால் தினமும் அதே பேச்சு. 1914-இல் திறந்த பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டு கைபோல விரிந்து கப்பலுக்கு வழிவிட்டு வந்தது, புதியதில் நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி அப்படியே மேலே போகும். இரண்டையும் நோட்டில் வரைந்து வைத்துக்கொண்டான். பெரியவள் 1964 டிசம்பர் புயலைப் பற்றிப் படித்துவிட்டு வந்தாள். தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயச் சுவரின் முன்னால் அவள் நின்ற நேரத்தில் நாங்கள் யாரும் கூப்பிடவில்லை. கோயிலில் 22 தீர்த்தத்திலும் நனைய வேண்டும் என்று தெரிந்திருந்ததால் மாற்றுத் துணியை அவரவர் பையில் அவரவரே எடுத்து வைத்திருந்தார்கள். மூன்று நாள் பயணம் பிள்ளைகளுக்கு ஒரு மாதம் ஓடியது. ஏற்காட்டில் அந்த மாதத்தை நாங்கள்தான் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

இதிலும் குறை உண்டு. பாலம் தூக்குவதை நேரில் பார்த்துவிடலாம் என்று பையன் நம்பிக்கொண்டு வந்தான். அந்த மூன்று நாளும் அது நடக்கவில்லை. திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் அழுதான். முன்கூட்டிச் சொல்லும்போது, நம் கையில் இல்லாததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டும் இதே கதைதான். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது, விடுமுறை நாட்களுக்குச் சட்டென்று தீர்ந்துவிடுகிறது. சார்ட் வந்தும் உறுதியாகாவிட்டால் பயணம் இல்லை. சொல்லாமல் வைத்திருந்தால் ஏமாற்றம் நம்மோடு போய்விடும். ரகசியத்துக்கு நான் கொடுக்கும் பெரிய மதிப்பெண் இதற்குத்தான்.

(பிறந்தநாள் பரிசுப் பெட்டிக்குள் டிக்கெட்டை வைத்துக் கொடுப்பதும் உண்டு. அதுவும் முன்கூட்டிச் சொல்வதில்தான் சேரும், கொஞ்சம் அலங்காரம் கூடுதல்.)

அப்புறம்தான் மூன்றாவது வழி பிடிபட்டது: உறுதியானதைச் சொல்லிவிடுவது, உறுதியில்லாததை மட்டும் மறைப்பது. ஊட்டிக்குப் போகும் தேதியை முன்பே சொன்னோம். ஸ்வெட்டர், மாத்திரை, தோழிகளிடம் சொல்வது எல்லாம் முறையாக நடந்தன. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் இடம் கிடைத்ததை மட்டும் சொல்லவில்லை. அதில் இருப்பது சில பெட்டிகள்தான். மழையில் மண் சரிந்தால் சேவையே ரத்தாகும். ரத்தாகியிருந்தால் பேசாமல் பஸ் ஏறியிருப்போம், பிள்ளைகளுக்கு எதுவும் குறைந்திருக்காது.

நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் மேட்டுப்பாளையத்தில் நின்றது. தூக்கக் கலக்கத்தோடு பஸ் ஸ்டாண்ட் எந்தப் பக்கம் என்று கேட்டவர்களை நீலமும் வெள்ளையுமாக நின்ற சின்னப் பெட்டிகளிடம் கூட்டிப் போனோம். சின்னவன் குதித்தான், பெரியவளும் குதித்தாள். 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் பல்லாக ஓடும் கம்பியை இன்ஜினின் பல்சக்கரம் கவ்வத் தொடங்கியது. ஏற்றம் சில இடங்களில் 12 அடிக்கு ஓர் அடி.

எட்டு வயதுப் பிள்ளைக்கும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் பலித்தது இந்த மூன்றாவது வழி ஒன்றுதான். அடுத்த விடுமுறைக்கும் இப்படித்தான் செய்யப்போகிறோம். மறைக்கப்போவது என்ன என்பதைப் பெரியவளிடம் மட்டும் சொல்லிவிட்டேன், தம்பிக்கு இந்த முறை ரகசியம் வைக்கப்போவது அவள்தான்.