சொந்தப் பாட்டுச் சேகரிப்புக்கு எந்த சர்வர்? நெடுநாள் ஓட்டத்தில் தெரிய வந்தவை

சிடியிலிருந்து தரம் குறையாமல் எடுத்த ஃப்ளாக் கோப்புகள், பழைய எம்பி3 என்று நூறு இருநூறு ஜிபி பாட்டு வைத்திருப்பவர் அதை வீட்டிலிருந்தே போனுக்கு ஸ்ட்ரீம் செய்ய, நேவிட்ரோம், ஜெல்லிஃபின், பிளெக்ஸ், லிரியன், கோனிக் என்று பல மென்பொருள்கள் உண்டு. நிறுவுவது எல்லாவற்றிலும் சுலபம்தான். எது தாக்குப்பிடிக்கும் என்பது தமிழ் சினிமாப் பாட்டை ஏற்றிய பிறகுதான் தெரியும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பாட்டு மட்டும்தான் தேவை என்றால் நேவிட்ரோம். கோ மொழியில் எழுதப்பட்ட ஒற்றை நிரல். எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் உள்ளேயே இருக்கிறது. 4533 போர்ட்டில் ஓடும். ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கணினியே தாராளமாகப் போதும். படங்களுக்காக ஏற்கெனவே ஜெல்லிஃபின் ஓடிக்கொண்டிருந்தால் இன்னொன்று வேண்டாம், ஃபின்ஆம்ப் ஆப் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் அங்கே பாட்டு விருந்தாளிதான். பிளெக்ஸின் பிளெக்ஸ்ஆம்ப் பார்க்கவும் கேட்கவும் அழகு, ஆனால் உங்கள் வீட்டு சர்வருக்கு அந்நிறுவனத்தின் கணக்கு வழியாக நுழைய வேண்டும். அது உறுத்தாதவர்கள் தாராளமாக எடுக்கலாம். வீட்டில் நாலு அறையில் ஸ்பீக்கர் வைத்து ஒரே நேரத்தில் ஒலிக்க வைக்க லிரியனை அடிக்க ஆளில்லை. ஃபோல்டர் வாரியாகவே பார்த்துப் பழகியவர்களுக்கு கோனிக்.

நேவிட்ரோமுக்கும் கோனிக்குக்கும் பொதுவான பலம் சப்சோனிக் ஏபிஐ, அதாவது ஆப்பும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை. பழைய சப்சோனிக் மென்பொருளிலிருந்து வந்த இந்த நெறிமுறையைப் பேசும் ஆப்கள் ஏராளம்: ஆண்ட்ராய்டில் சிம்ஃபோனியம் (காசு கொடுத்து வாங்க வேண்டும், தகும்), ஐபோனில் ஆம்பர்ஃபை, கணினியில் ஃபெய்ஷின், சூப்பர்சோனிக். நாளை சர்வரை மாற்றினாலும் ஆப் மாறாது. ஒரு எச்சரிக்கை: இந்த நெறிமுறையில் ஆப் அனுப்புவது பாஸ்வேர்டையும் ஒரு தற்செயல் எழுத்துக்கோவையையும் சேர்த்துக் கணக்கிட்ட எம்டி5 என்ற சுருக்கக் குறி. அதைச் சரிபார்க்க சர்வர் பாஸ்வேர்டைத் திரும்ப எடுக்கக்கூடிய வடிவில் வைத்திருந்தாக வேண்டும். ஆகவே மின்னஞ்சலுக்கோ வங்கிக்கோ வைத்த பாஸ்வேர்டை இங்கே வைக்காதீர்கள்.

இனி டேக், அதாவது ஆல்பம், பாடகர், தேதி என்று பாட்டுக் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும் விவரங்கள். நேவிட்ரோம் ஃபோல்டர் பெயரைப் பார்த்து ஆல்பம் பிரிப்பதில்லை, கோப்புக்குள் இருக்கும் டேக்கைத்தான் நம்பும். ஒரு படத்தில் ஐந்து பாட்டு, ஐந்துக்கும் வேறு வேறு பாடகர்கள். மொத்த ஆல்பமும் யாருடையது என்று சொல்லும் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் டேக் காலியாக இருந்தால் அந்தப் படம் ஐந்து ஆல்பங்களாக உடைந்து, அட்டைப்படம் ஒன்றாகவே இருக்கும் ஐந்து கட்டங்கள் திரையில் வரும். பலர் பாடிய தொகுப்பு என்று சொல்லும் கம்பைலேஷன் குறியைப் போட்டால் ஒன்றுசேரும், ஆனால் எல்லாப் படங்களும் ‘பலர்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் போய் விழும். ‘பில்லா’ 1980இல் எம்.எஸ்.வி. இசையிலும் 2007இல் யுவன் இசையிலும் வந்தது. வெளியீட்டுத் தேதி டேக் இல்லாவிட்டால் இரண்டும் ஒரே ஆல்பமாகக் கலந்துவிடும். சரியான வழி, ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்டில் இசையமைப்பாளர் பெயரைப் போடுவது. அப்போது ஆர்ட்டிஸ்ட் பட்டியல் இசையமைப்பாளர் பட்டியலாகிவிடும். நாம் பாட்டுத் தேடுவதும் அப்படித்தானே.

அடுத்தது பாடகர்கள். 0.55 பதிப்பிலிருந்து ஒரு பாட்டுக்குப் பல ஆர்ட்டிஸ்ட்களை நேவிட்ரோம் தனித்தனியாகப் புரிந்துகொள்கிறது. ஆனால் இயல்பு அமைப்பில் அது காற்புள்ளியில் பிரிக்காது. ‘எஸ்.பி.பி., எஸ்.ஜானகி’ என்று எழுதியிருந்தால் அது ஒரே ஆளின் பெயர். அரைப்புள்ளி போட்டு ஓர் இடைவெளி விட்டால் பிரியும். எம்பி3டேக் மென்பொருளில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டுத் தனித்தனி மதிப்புகளாகவே எழுதுவது இன்னும் சுத்தம். பெயரின் எழுத்துக்கூட்டலையும் ஒருமுறை உட்கார்ந்து சீராக்கத்தான் வேண்டும். இளையராஜாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு ‘எல்’லா இரண்டா, கடைசியில் எத்தனை ‘ஏ’ என்பதில் ஆளாளுக்கு ஒரு கணக்கு, ஒவ்வொன்றும் ஒரு புது ஆர்ட்டிஸ்ட். இணையத் தரவுத்தளத்தைப் பார்த்து டேக் எழுதும் மியூசிக்பிரெயின்ஸ் பிகார்ட் தானாகச் செய்துவிடும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள், பழைய தமிழ்ப் படங்கள் பல அங்கே அரைகுறையாகவே இருக்கின்றன. இணையத்தில் இறக்கிய எம்பி3 என்றால் ஆல்பம் பெயரின் வாலில் ஒட்டியிருக்கும் தளத்தின் பெயரையும் மொத்தமாகத் தேடி வெட்டுங்கள்.

வெளியே போகும்போது ஃப்ளாக்கை அப்படியே இழுத்தால் நாலு நிமிடப் பாட்டுக்கு 25, 30 எம்பி போகும். 128 கேபிபிஎஸ் ஓபஸ் என்ற சுருக்கிய வடிவத்துக்கு மாற்றினால் 4 எம்பிக்குள் முடியும். ஆப் முதல்முறை இணைந்ததும் நேவிட்ரோமின் பிளேயர் பட்டியலில் அதன் பெயர் வரும், அங்கே அந்த போனுக்கு மட்டும் மாற்றத்தை அமைத்துக்கொள்ளலாம். மாற்றிய கோப்புகளுக்கான கேச் (தற்காலிகச் சேமிப்பிடம்) இயல்பாக 100 எம்பிதான், ஒன்றிரண்டு ஜிபிக்கு உயர்த்துங்கள். மாற்றம் முடியாத பாட்டை நடுவில் தள்ளிக் கேட்கப் போனால் சில ஆப்கள் திணறும். ஃபைபர் இணைப்பு சிஜிநாட்டுக்குப் பின்னால் (பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியை இணைய நிறுவனம் பகிர்ந்து தரும் முறை) இருந்தால் ரவுட்டரில் போர்ட் திறந்து பயனில்லை. உங்கள் சாதனங்களை மட்டும் தனி வலையமைப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் போட்டால் முடிந்தது, அதிலே சர்வரைப் பொது இணையத்தில் காட்டவும் வேண்டியதில்லை.

மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில் நேவிட்ரோமைப் போடும்போது பாட்டு ஃபோல்டரைப் படிக்க மட்டும் அனுமதியோடு இணையுங்கள், டேட்டாபேஸ் இருக்கும் டேட்டா ஃபோல்டர் தனியாக எஸ்எஸ்டியில் இருக்கட்டும். அந்த ஃபோல்டர் ரூட் என்ற நிர்வாகியின் பெயரில் உருவாகியிருந்து கண்டெய்னர் 1000 என்ற எண்ணுள்ள சாதாரணப் பயனராக ஓடினால், டேட்டாபேஸைத் திறக்க முடியவில்லை என்று சொல்லித் தொடக்கத்திலேயே நின்றுவிடும். உரிமையை மாற்றினால் சரியாகும். டேட்டாபேஸை நெட்வொர்க் டிரைவில் வைக்கவே கூடாது, எஸ்க்யூலைட்டின் கோப்புப் பூட்டு அங்கே நம்பகமில்லை. பாட்டுகள் நெட்வொர்க் டிரைவில் இருக்கலாம், ஆனால் புதுக் கோப்பு வந்ததைச் சர்வர் தானாக உணராது. இரவில் ஒருமுறை ஸ்கேன் ஓடும்படி நேரம் குறித்துவிடுங்கள்.

மின்வெட்டுக்குப் பிறகு வெளி ஹார்ட் டிஸ்க் ஏறாமலே சர்வர் கிளம்பினால் மொத்தச் சேகரிப்பும் ‘காணாமல் போன கோப்புகள்’ பட்டியலுக்குப் போய்விடும். பதறி அங்கே அழிப்பதற்கான பொத்தானை அமுக்காதீர்கள். டிஸ்க்கை ஏற்றி மறுபடி ஸ்கேன் செய்தால் பிளேலிஸ்ட், நட்சத்திரம், கேட்ட எண்ணிக்கை எல்லாம் அப்படியே திரும்பும். அமுக்கிவிட்டால் பேக்கப்தான் கதி. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது டேட்டாபேஸ் கோப்பை மட்டும் நகலெடுத்து வைத்தால் கடைசி மாற்றங்கள் அதில் இல்லாமல் போகலாம். நேவிட்ரோமிலேயே இருக்கும் பேக்கப் வசதிக்கு ஃபோல்டர், நேரம், எத்தனை பிரதி என்ற மூன்றையும் கொடுத்து, ஃபோல்டரை வேறொரு டிஸ்க்கில் வையுங்கள்.