வீட்டுத் தோட்டத்தில் களையும் நத்தையும்: மூடாக்கு, விரிப்பு, குருணை – நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

நாகர்கோவில் பக்கம் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது. அது ஓய்ந்து மண் காய்வதற்குள் அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடுகிறது. ஆகவே களைக்கும் நத்தைக்கும் இங்கே பஞ்சமே கிடையாது. வீட்டின் பின்புறத்தில் பல ஆண்டுகளாகக் கத்தரி, வெண்டை, கீரை, வாழை வளர்த்து வரும் நான், கடையில் விற்பதும் வீட்டிலேயே கிடைப்பதுமாகப் பலவற்றை இந்த இரண்டுக்கும் எதிராகப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். களையை அடக்கும் வழிகளில் பெரும்பாலானவை நத்தைக்குக் குடியிருப்பாகிவிடுகின்றன என்பதுதான் இவற்றில் காசு போடுமுன் ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டியது. இரண்டையும் தனித்தனிப் பிரச்சினையாக எண்ணி வாங்கும்வரை ஒன்று குறைய மற்றது கூடிக்கொண்டேதான் இருக்கும்.

களைகளில் கீழாநெல்லி, குப்பைமேனி போன்றவை தொல்லையே அல்ல. மழைக்கு மறுநாள் கையால் இழுத்தாலே வேரோடு வந்துவிடும். பருப்புக்கீரையாக இருந்தால் நேரே அடுப்படிக்கும் போகும். தலைவலி கோரைதான். அதன் தாளை வெட்டினாலும் கிழங்கு உள்ளே பிழைத்துக் கிடக்கும். அந்தக் கிழங்குகள் மெல்லிய தண்டுகளால் ஒன்றோடொன்று சங்கிலிபோலக் கோர்த்திருக்கின்றன; மண்வெட்டியால் கொத்தும்போது சங்கிலி அறுந்து, அதுவரை உறங்கிக் கிடந்த கிழங்குகளும் தனித்தனியே முளைவிடுகின்றன. எங்கள் வீட்டில் களையெடுக்க வரும் பெரியவர், “வெட்டுனா பெருகத்தான் செய்யும் மக்களே, தோண்டி எடுக்கணும்” என்பார். மண் ஈரமாக இருக்கும்போது முள்கரண்டி வடிவக் கைக்கருவியைச் செடியின் பக்கவாட்டில் ஆழமாக இறக்கி, மண்ணை நெம்பித் தளர்த்தி, தாளை விடாமல் பின்தொடர்ந்து கிழங்கை எடுப்பதே நான் கண்டவரை பலன் தரும் வழி. பெரும்பாலான கிழங்குகள் மேல்மண்ணின் 15 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே இருப்பதால் சிறிய தோட்டத்தில் இது நடக்கக்கூடிய வேலைதான். எடுத்த கிழங்கை உரக்குழியில் போடக் கூடாது. சிமென்ட் தரையில் பரப்பி, சுருங்கிக் கறுக்கும்வரை வெயிலில் காயவிட வேண்டும்.

வினிகரும் உப்பும் கலந்து தெளிக்கும் வீட்டு மருந்துக்கு நான் மதிப்பெண் தரமாட்டேன். சமையல் வினிகர் இலையை மட்டுமே கருக்குகிறது. கோரை மறுபடி துளிர்க்கிறது, உப்போ மண்ணில் தங்கிவிடுகிறது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லி வீட்டுத் தோட்டக்காரர் கையில் எடுக்க வேண்டிய பொருளே அல்ல. 2022 அக்டோபரில் வெளியான மத்திய அரசின் அறிவிக்கைப்படி, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக அன்றி வேறு எவரும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

செலவே இல்லாமல் மிகுந்த பலன் தந்தது ஒரு பழைய உத்தி. பாத்தியைத் தயாரித்தவுடன் விதைக்காமல், தண்ணீர் மட்டும் விட்டு, களை விதைகள் முளைக்கும்வரை காத்திருந்து, அவை இரண்டிலை விட்டதும் களைக்கொத்தியால் மேலோட்டமாகச் சுரண்டிவிட்டுப் பிறகு கீரை விதைக்க வேண்டும். சுரண்டுவது இரண்டு, மூன்று செ.மீ. ஆழத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அடியில் கிடக்கும் விதைகள் வெளிச்சத்துக்கு வந்து அடுத்த தலைமுறை தொடங்கிவிடும். தண்டுக்கீரைப் பாத்தியில் இதைச் செய்த பருவங்களில் களையெடுப்பு வேலை பாதியாகக் குறைந்தது.

மண்ணை மூடிப் பரப்பும் மூடாக்குக்கு இங்கே காய்ந்த வாழைச்சருகும் தென்னை மட்டையும் இலவசம். 5 முதல் 8 செ.மீ. கனத்துக்குப் பரப்பினால் கோரை தவிர்த்த களைகள் அடங்கிவிடுகின்றன. அட்டைப்பெட்டிகளை விரித்து மேலே சருகு போடும் முறை வெளிநாட்டுக் காணொளிகளில் அழகாகத் தெரிகிறது. நம் ஊரில் வறண்ட மாதங்களில் அதைக் கரையான் தின்றுவிடுகிறது. கடையில் சுருளாக விற்கும் கறுப்பு நிறக் களை விரிப்பு நடைபாதைக்கு மிக நல்லது. நெய்த வகையைக் கோரை அவ்வளவு எளிதில் துளைப்பதில்லை. மெல்லிய பிளாஸ்டிக் தாளையோ அதன் கூர்முனை ஊசியாகக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. ஆனால் காலப்போக்கில் விரிப்பின் மேலேயே தூசியும் சருகும் சேர்ந்து மண்ணாகி, அதில் அருகம்புல் வேர்விட்டு விரிப்போடு பின்னிக்கொள்கிறது. வெயில் பட்ட ஓரங்கள் நூல் நூலாகப் பிரிந்து மண்ணில் கலப்பதையும் சேர்த்துப் பார்த்தால், காய்கறிப் பாத்திக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி நத்தைக்கு வருகிறேன். மழைக்காலக் காலையில் கவிழ்ந்து கிடக்கும் தேங்காய் மட்டையைப் புரட்டினால், நாரோடு ஒட்டித் தட்டையாக, கரும்பழுப்பு நிறத்தில், முதுகின் நடுவே வெளிறிய கோடு ஒன்றோடு ஓடில்லா நத்தைகள் இருக்கும். மண் பிளவுகளில் அவற்றின் முட்டைகள் ஊறவைத்த ஜவ்வரிசிபோலக் கொத்தாகக் கிடக்கும். செண்டுமல்லி நாற்றும் கத்தரி நாற்றும் ஒரே இரவில் காம்பு மட்டும் மிஞ்சி நின்றால் புழு மேல் பழி போடுமுன் காலையில் மண்ணைப் பாருங்கள். காய்ந்து மினுங்கும் கோழைத்தடம் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். இவற்றோடு ஓடுள்ள ஆப்பிரிக்க ராட்சத நத்தையும் வந்து சேர்கிறது. 1847-இல் கொல்கத்தாவில் கொண்டுவந்து விடப்பட்ட அந்த இனம் இன்று தென்னிந்தியாவின் பல பகுதிகளில் பெருகிக் கிடக்கிறது. மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஒரு வகை எலிப்புழு இந்த நத்தைகளில் இருக்கக்கூடும் என்பதால் வெறுங்கையால் தொடாதீர்கள். பச்சையாக உண்ணும் இலைகளை நன்றாகக் கழுவுங்கள்.

முட்டை ஓடு, சாம்பல், செப்புப் பட்டை ஆகிய தடுப்புகள் எனக்கு ஏமாற்றமே தந்தன. சாம்பல் உலர்ந்திருக்கும்வரை வேலை செய்கிறது. நத்தை வருவதோ மழையில். முட்டையோட்டின் மேல் அது கோழையைப் பரப்பிக்கொண்டு சாவகாசமாகக் கடந்து போவதை டார்ச் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறேன். பிரிட்டனின் தோட்டக்கலை அமைப்பான ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டி 2018-இல் வெளியிட்ட ஆய்விலும் செப்புப் பட்டை, முட்டையோடு உள்ளிட்ட தடுப்புகளால் லெட்டூஸ் செடிகளுக்குக் குறிப்பிடத்தக்க பாதுகாப்புக் கிடைக்கவில்லை.

நத்தைக்கு நஞ்சுத் தீனியாகத் தூவும் மெட்டால்டிஹைடு குருணை வேகமானது. தின்ற நத்தை அளவுக்கு மீறிக் கோழையைக் கக்கி உலர்ந்து சாகிறது. தொடர்மழையில் குருணை கரைந்து வீணாகிறது என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, தீனியின் வாசத்துக்கு நாயும் பூனையும் வருவது. அவற்றுக்கும் அது நஞ்சு. பிரிட்டனில் 2022 முதல் வெளிப்புறப் பயன்பாட்டுக்கே தடை. எங்கள் தெருவில் பூனைகள் அதிகம் என்பதால் நான் அதை நிறுத்திவிட்டேன். ஈஸ்ட்டும் சர்க்கரையும் கலந்த நீரைக் கிண்ணத்தில் ஊற்றி மண்மட்டத்துக்குப் புதைக்கும் பொறி, புளிப்பு வாசத்தால் நத்தையை இழுக்கத்தான் செய்கிறது. மழைநீர் நிரம்பாமலிருக்க மேலே ஒரு மூடி தூக்கலாக நிற்க வேண்டும், அடிக்கடி மாற்றவும் வேண்டும்.

கடைசியில் நிலைத்தது ஈரச் சாக்குதான். மாலையில் நனைத்த சாக்கின் அடியில் முட்டைக்கோஸ் இலைகளைப் போட்டுப் பாத்தியோரம் விரித்தால், விடியும் முன் நத்தைகள் அங்கே ஒதுங்கிவிடுகின்றன. இடுக்கியால் எடுத்து உப்புக் கரைசல் வாளியில் போட்டு, செத்தபின் செடிகளுக்கு எட்டாத இடத்தில் ஆழப் புதைக்கிறேன். உப்பை நேரே பாத்தியில் தூவுவது மண்ணுக்குக் கேடு. மதிலோரம் உலாவும் செம்போத்தும் ராட்சத நத்தையைக் கொத்தித் தின்கிறது. குருணை தின்ற நத்தையை அது தின்றுவிடக்கூடும் என்பதற்காகவே குருணை விஷயத்தில் இன்னொரு முறை யோசிக்கலாம்.

இப்போது என் தோட்டத்தில் மூடாக்கு ஜனவரி முதல் மே வரைதான் முழுக் கனத்தில் கிடக்கும். மழை தொடங்கியதும் நாற்றுகளைச் சுற்றி ஒரு முழ அளவுக்குச் சருகை விலக்கி மண்ணை வெறுமையாக விடுகிறேன். அந்த இடத்தில் முளைக்கும் களையைக் கையால் எடுப்பது, நாற்றை மறுபடி வாங்கி நடுவதைவிட மலிவு. மழையில்லாத நாட்களில் தண்ணீரை மாலையில் விடாமல் காலையில் விடுவதால் இரவில் மேல்மண் உலர்ந்திருந்து நத்தையின் நடமாட்டம் குறைகிறது. வாழைத் தூருக்கு இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை, அங்கே ஆண்டு முழுதும் சருகு கிடக்கலாம். சாக்குப் பொறியை அதன் ஓரத்தில் வைத்தால் போதும். புதிதாகத் தொடங்குபவர் ஒரு நல்ல கைக்கருவி, கையுறை, இடுக்கி, பழைய சாக்கு இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். விரிப்புச் சுருளை நடைபாதை அகலத்துக்கு மட்டும் வெட்டி வாங்குங்கள்; செப்புப் பட்டைக்குச் செலவே வேண்டாம்.