பைக் ஓட்டத் தெரிந்தவனின் ஐந்து வருட ஏடிவி அனுபவம்

தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் காப்பித் தோட்டத்துக்கு 500 சிசி, ஃபோர் வீல் டிரைவ் ஏடிவி (பைக் மாதிரி ஹேண்டில்பார் பிடித்து ஓட்டும், கரடுமுரடான பாதைக்கான நாலு சக்கர வண்டி) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. மீட்டரில் 640 மணி நேரம் ஓடியிருக்கிறது. நம்பர் பிளேட் கிடையாது என்பதால் தார் ரோட்டில் ஏற்றுவதே இல்லை. உரம், மிளகு மூட்டை, பம்ப் செட் என்று எல்லாம் தோட்டத்துக்குள்தான்.

எனக்கு முதல் எதிரி இருபது வருட பைக் பழக்கம். வாங்கிய மூன்றாம் நாள், சரிவில் வண்டி லேசாகச் சாய்ந்ததும் இடது கால் தானாகவே தரைக்குப் போய்விட்டது. பின் டயர் மெதுவாக வந்து குதிகால் மேல் ஏறியது. கம் பூட் போட்டிருந்ததால் வீக்கத்தோடு போயிற்று. ஏடிவியில் கால் ஃபுட்ரெஸ்டை விட்டு இறங்கவே கூடாது. சாய்ந்தால் மேட்டுப் பக்கமாக உடம்பைத்தான் தள்ள வேண்டும். வளைவிலும் அப்படித்தான். பைக் தானே சாயும், இது சாயாது. நாம்தான் உள்பக்கம் சாய்ந்து கொடுக்க வேண்டும். ஏற்றத்தில் முன்னால் நகர்ந்து உட்கார வேண்டும், இறக்கத்தில் பின்னால் நகர்ந்து, லோ கியரில் இன்ஜின் பிரேக்கிங்கை நம்ப வேண்டும். நாலு சக்கரத்துக்கே இவ்வளவு. கவிழ்கிறது என்று பெயர் வாங்கிய மூன்று சக்கர ஏடிவிகளை அமெரிக்காவில் 1988லேயே விற்காமல் நிறுத்திவிட்டார்கள்.

அடுத்தது காற்று. என் வண்டிக்கு 6 பிஎஸ்ஐ போதும். பெட்ரோல் பங்க் கேஜில் அவ்வளவு குறைவாகப் படிக்கவே முடியாது. ஒருமுறை டயரைக் கழற்றிக் கொண்டுபோனேன், பையன் பைக் கணக்கில் 15க்கு மேல் ஏற்றிவிட்டான். அன்று கல் பாதையில் வண்டி பந்து மாதிரி துள்ளியது, கை மணிக்கட்டு இரண்டு நாள் வலித்தது. அப்புறம் குறைந்த அழுத்தம் காட்டும் கேஜும் கைப்பம்பும் வாங்கினேன். இந்த வண்டிக்கு நான் செய்த உருப்படியான செலவு அதுதான்.

ஐப்பசி மழையில் ஓடையைத் தாண்டும்போது பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. இன்ஜின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட் இருக்கும் பெட்டி அது, ஈரமானால் பெல்ட் வழுக்கும். இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கீழே இருக்கும் வடிகால் மூடியைக் கழற்றி, நியூட்ரலில் கொஞ்ச நேரம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் காய்ந்துவிடும். அது சின்ன விஷயம். மூட்டையை ஏற்றிக்கொண்டு லோவில் போகவேண்டிய மேட்டை ஹையில் ஏறி ஏறி நானே பெல்ட்டைக் கருக்கியதுதான் பெரிய விஷயம். புதுசு கேட்டால், வாங்கிய இடத்தில் "அடுத்த வாரம்" என்று சொல்லியே ஏழு வாரம் ஓட்டினார்கள். சரியாகக் காப்பிப் பழம் பறிக்கும் நேரம். இப்போது ஸ்டோர் ரூம் ஆணியில் ஒரு பெல்ட் எப்போதும் தொங்குகிறது.

கட்டைவிரல் ஆக்சிலரேட்டர் மட்டும் இன்னும் பழகவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் விரல் மரத்துப்போகிறது. மற்றபடி மாசி, பங்குனிப் புழுதியில் ஏர் ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவி எண்ணெய் தடவுகிறேன், இன்ஜின் தொல்லை கொடுத்ததில்லை.

தோட்டத்தின் கீழ்க்கோடியில் இரண்டு பாதைகள் உண்டு, செங்குத்து, ஒரு ஆள் அகலம். அங்கே வண்டியை நான் இறக்குவதில்லை. மூட்டையை மேலே கொண்டுவர இன்றைக்கும் குதிரைக்கார அண்ணனைத்தான் கூப்பிடுகிறேன்.